ஒரு மணிக்கூர் அவகாசம்

இறச்சகுளம்,
9-11-1956

சாவித்ரிக்கு, பகவதிப்பெருமாள் சொல்லி எழுதுவது.

திவானுக்கு வெட்டு விழுந்த வருஷம். ரேஷன் கடையில் வரிசை நின்றவர்களில் பாதிப் பேர் அரிசி தீர்ந்து மரச்சீனிக் கிழங்கோடு வீடு திரும்பிய வருஷம். கொல்லம் ஆயிரத்து நூற்று இருபத்திரண்டு, ஆடி மாசம், ஆவணி பிறக்க இரண்டு நாள் கிடக்கிறது. வெள்ளைக்காரன் போனான் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஆளாளுக்குத் தேங்காய் உடைத்து, சந்திப்பு முழுக்கச் சிரட்டையாய்க் கிடந்தது. அதற்கு மறுநாள் பிறந்ததாக்கும் உங்கள் பாலிகா சங்கம். நீங்கள் அச்சடிக்கப் போகிற மலரில் 1949 என்று இருக்கிறதாம். 1949 திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாய்ச் சேர்ந்த வருஷம். அதற்கு முன்பே உங்கள் மேல் இரண்டு மொட்டைக் கடிதாசும் ஒரு கல்லேறும் நடந்தாயிற்று. பிறக்காத பிள்ளை மேலா கல்லெறிந்தான்?

எழுதுகிறவர் பக்கத்து வீட்டு நேசமணி வாத்தியார். நான் சொல்வதை அவர் நல்ல தமிழாக்கித்தான் எழுதுவார், அது அவர் பழக்கம். 'ஆக்கும்' என்று வருகிற இடத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பின காகிதமும் வந்தது. 'நான் எழுத்தறிவில்லாதவன். 1948-ஆம் ஆண்டு தர்மசபைக் கூட்டத்தில் தமிழ்ச் சொல் ஒன்றை மலையாளத்தோடு குழப்பித் தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று எழுதி, கீழே நான் பெருவிரல் வைக்க ஒரு வட்டம் போட்டிருக்கிறாய். வட்டம் அழகாக இருக்கிறது. என் விரல் அதில் விழாது.

ஒன்றாம் தேதியிலிருந்து என் கட்டில் மெட்ராஸ் ராஜ்யத்தில் கிடக்கிறதாம். நான் புரண்டு படுக்கக்கூட இல்லை, எல்லையை நகர்த்திவிட்டார்கள். அது சர்க்கார் காரியம். நான் சொன்ன சொல்லை நகர்த்த அந்தச் சபை வக்கீலுக்கு என்ன காரியம்?

வெள்ளைக்காரன் போன அன்று உனக்குப் பதின்மூன்று வயசு, மறந்திருப்பாய். சத்திரத்து மைதானத்துக்கு நான் காவல். மைதானம் வியாபாரிகளின் தர்மசபைக்குச் சொந்தம், கொடியேற்றத்தை அங்கே வைத்தார்கள். பையன்மாருக்குக் காக்கி நிக்கர், கொட்டு, அணிவகுப்பு. பெண்பிள்ளைகளுக்குத் தாலம். விளக்கும் பூவும் வைத்த தட்டைப் பிடித்தபடி இரண்டு வரிசையாய் நின்று, வருகிற பெரியவர்களை வரவேற்க வேண்டும். காலை ஆறு மணிக்கு நிறுத்தினார்கள். ஒன்பதரை ஆகியும் பெரியவர்களைக் காணோம். அரிசிக்கடை கோமதிநாயகத்தின் மகள் உலகம்மை தாலத்தைத் தரையில் வைத்தாள்.

"கை கழைக்குது. நாங்களும் நடக்கோம்."

கோமதிநாயகம் சபையில் பெரிய புள்ளி. "தாலத்த எடுட்டீ மூதேவி, ஆளு பாக்கான்" என்றார்.

"பாக்கட்டும். வேணும்னா அவன் வந்து பிடிக்கட்டும்."

அவளுக்குப் பின்னால் ஆறு பேர் வைத்தார்கள். ஏழாவது நீ. விளக்கு அணைந்துவிடக்கூடாதென்று இரண்டு கையாலும் மெள்ள வைத்தாய்.

மறுநாள் சாயங்காலம் டிரில் டீச்சர் ராஜபாய் ஊதலோடு மைதானத்துக்கு வந்தாள். ஏழு பேரும் ஏழு திசைக்கு நடந்தீர்கள். வேலிக்கு வெளியே நின்றவன்கள் கூவினான்கள். டீச்சர் திரும்பியும் பார்க்கவில்லை. "இன்னொருக்கா" என்றாள். சங்கத்தில் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது. மலரில் அதைப் போடு.

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

பகவதிப்பெருமாள்


கோட்டைக்ககம், திருவனந்தபுரம்,
14-11-1956

பாட்டாவுக்கு, சாவித்ரி வணக்கம்.

வருஷத்தைத் திருத்திவிட்டேன். அதற்கு நன்றி. மற்றதற்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை.

நிலைமை உங்களுக்குத் தெரியாது. தர்மசபை மைதானத்தில் கடைமுறிகள் கட்டப்போகிறது, டிசம்பர் முடிவதற்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். நம் கையில் இருப்பது ஒரே ஒரு தீர்மானம், 1948 மாசியில் சபை மலையாளத்தில் எழுதியது. 'பெண்குட்டிகளுக்கு மைதானத்தில் தினம் ஒரு மணிக்கூர் அவகாசம்' என்று இருக்கிறது. மணிக்கூர் என்பது மணி நேரம், அதில் சண்டையில்லை. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தமிழில் வெறும் நேரம். சபையின் வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பெண்கள் தமிழில் எழுதிக் கேட்டது நேரம், அதை வாயால் வந்து சொன்ன காவல்காரர் தமிழர், குமாஸ்தா காதில் விழுந்த சத்தத்தை அப்படியே மலையாளத்தில் எழுதிவிட்டார், ஆகவே சபை கொடுத்தது நேரம்தான், கொடுத்த நேரத்தை எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம் என்கிறார்.

அந்த விண்ணப்பத்தை எழுதியவள் நான்தானே பாட்டா! 'மாலையில் ஒரு மணி நேரம் அவகாசம் தந்து உதவ வேண்டும்' என்று எழுதினேன். நான் கேட்டது நேரம்தான். அதை எப்படி இல்லையென்று சொல்வேன்?

சபை ஒரு சமாதானத்துக்கு வருகிறது. நடந்தது நாக்குப் பிழை என்று நாம் ஒப்புக்கொண்டால் கரமனை ஆற்றங்கரையில் ஒரு துண்டு இடத்தைச் சங்கத்தின் பேருக்கே எழுதித் தருவார்களாம். டிசம்பர் ஐந்தாம் தேதி, ஓய்வுபெற்ற முன்சீப் ஒருவர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து முடிவு சொல்வார். மழைக்காலத்தில் அந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இப்போது நாம் ஏழு பேர் இல்லை. ஒன்பது கிளை, முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். விழிஞ்ஞத்தில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிறவர்கள் முதலுதவி படிக்கிறார்கள். போனக்காட்டில் உலகம்மை அக்கா கல்யாணமாகிப் போன இடத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களை ஞாயிற்றுக்கிழமை அணிவகுக்க வைக்கிறாள். எஸ்டேட் மானேஜர் கூடாது என்றதற்கு, "ஞாயித்துக்கிழம எங்க கால் எங்களுக்கு" என்றாளாம். இத்தனை பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிற இடம் இது. பிடிவாதம் பிடித்து எல்லாவற்றையும் இழந்துவிட்டு நான் யார் முகத்தில் விழிப்பது?

1953-ல் மைதானத்தைத் திரும்ப வாங்குகிற பேச்சு முதன்முதலில் வந்தபோது சபைச் செயலாளராக இருந்த என் அப்பாவும், "பெருமாளுக்கு ரெண்டு பாஷையிலேயும் நாக்கு வழுக்கும்" என்றுதான் சொன்னார். அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. இதில் உங்களுக்கு என்ன அவமானம் பாட்டா? படிக்காதவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னார் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

காகிதத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

சாவித்ரி


இறச்சகுளம்,
19-11-1956

சாவித்ரிக்கு, பகவதிப்பெருமாள்.

யாரும் சிரிக்க மாட்டார்கள் என்கிறாய். மூன்று வருஷமாய்ச் சிரிக்கிறார்கள். உன் அப்பா அப்படிச் சொன்ன அதே வாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், விவரமில்லாத ஆள் காவலுக்கு ஆகாது என்று. பழவங்காடியில் வெற்றிலை வாங்கப் போனால், "அண்ணாச்சிக்கு வெற்றிலை தமிழ்லயா மலையாளத்துலயா?" என்று கேட்டார்கள். அப்புறம்தான் இங்கே மகன் வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது. வார்த்தை தெரியும். சத்திரத்துக்கு வருவதற்கு முன்னால் முப்பது வருஷம் வஞ்சியூர் கோர்ட்டில் டவாலி போட்டுக்கொண்டு வாசலில் நின்றவன் நான். அந்தக் கட்டிடத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற சொல் அவகாசம். யாருக்கு அவகாசம், யார் அவகாசி, இதைத் தவிர அங்கே வேறு பேச்சில்லை. பெண்கள் வருவார்கள். "அண்ணன் இருந்துக்கோன்னு சொன்னான், பதினஞ்சு வருஷமா இருக்கேன்" என்பாள் ஒருத்தி. "அவகாசம் எழுதியிட்டுண்டோ?" என்று கேட்பார்கள். எழுத்தில் இருக்காது. அவள் வெளியே போகக் கதவைத் திறந்துவிடுகிறவன் நான். இருந்துக்கோ என்று சொன்னவனுக்கு எழுந்து போ என்று சொல்ல ஒரு நாள் போதும் என்பது எனக்கு அங்கே தெரிந்ததாக்கும்.

1948-ல் சபைக்காரர்கள் உங்களை மைதானத்திலிருந்து விலக்க நினைத்தார்கள். நீ விண்ணப்பம் எழுதினாய். ராஜபாய் டீச்சர் அதை எனக்கு வாசித்துக் காட்டி, "நீரே கொண்டு போம், எங்களை உள்ளே விட மாட்டாங்க" என்றாள். காந்திக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம். கூட்டம் உன் வீட்டுக் கூடத்தில். தலைவர் மரக்கடை வேலப்பன் முதலாளி, செயலாளர் உன் அப்பா வெங்கடசுப்ரமணியன், உலகம்மையின் அப்பன் கோமதிநாயகம், எழுத்துக்குக் குமாஸ்தா பஞ்சாபகேசன். வேலப்பன் முதலாளிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. "நீ பறயடோ" என்று என்னையே சொல்லச் சொன்னார்.

பழவங்காடியிலிருந்து உன் வீடு வரைக்கும் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவன் நான். சொன்னேன்.

"பெண்குட்டிகள்க்கு மைதானத்தில் தினம் ஒரு மணிக்கூர் அவகாசம் வேணும்."

உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "நேரம்னு சொல்றான், தமிழிலே" என்றார். வேலப்பன் முதலாளி சிரிக்கவில்லை. மர வியாபாரி, ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்க்கிற மனுஷன். என்னைப் பார்த்து, "நீ தமிழிலாணோ பறயுந்நது, மலையாளத்திலோ?" என்று கேட்டார்.

நான் சொன்னேன், "மலையாளத்திலாக்கும் முதலாளி."

உன் அப்பா முகம் மாறிற்று. கோமதிநாயகம், "வேய், ஓமக்குக் கிறுக்காவே?" என்றார். நான் நின்ற இடத்தில் நின்றேன். அப்புறம் வேலப்பன் முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "எழுதிக்கோ பஞ்சாபகேசா. ஒரு மணிக்கூரல்லே! கெட்டிச்சு விட்டால் பின்னே ஏது பெண்குட்டி, ஏது அவகாசம்?" உங்களுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டால் சங்கமும் போய்விடும், எழுதின உரிமையும் போய்விடும் என்பது அவர் கணக்கு. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். உன் அப்பாவும் போட்டார். சொல்லுக்கு அர்த்தம் தெரிந்து போட்டார்.

கல்யாணமான உலகம்மை போனக்காட்டில் கிளை தொடங்கினாள். வேலப்பன் முதலாளி போட்ட கணக்குத்தான் தப்பு. என் நாக்கு வழுக்கவில்லை.

நீ கேட்டது நேரம். வாங்கி வந்தது உரிமை. அதை எதற்குத் திருப்பிக் கொடுக்க நிற்கிறாய்?

பகவதிப்பெருமாள்


கோட்டைக்ககம்,
23-11-1956

பாட்டாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வாசித்தேன். வீட்டுக்கு வந்து உரக்க ஒரு தடவை வாசித்தேன். அம்மா பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா பேச்சை எடுத்தாலே இப்போதெல்லாம் அப்படித்தான்.

என் அப்பா தெரிந்தே கையெழுத்துப் போட்டார், ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்தே பொய் சொன்னார் என்கிறீர்கள். அவருக்குத் திதி நடந்த ஈரம் வீட்டில் இன்னும் காயவில்லை. எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பதில் சொல்ல அவர் இல்லாதபோது சொல்கிறீர்கள். 1953-லேயே ஏன் சொல்லவில்லை?

வக்கீலிடம் காட்டினேன், நம் பக்கத்து வக்கீலிடம். "வேலை போன கோபத்தில் ஒரு கிழவர் சொல்கிறார் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்" என்றார். வேலப்பன் முதலாளி கேட்ட கேள்வியையும் நீங்கள் சொன்ன பதிலையும் தன் காதால் கேட்ட இன்னொருவர் வேண்டும். அப்படி ஒருவர் வந்து சொன்னால் அந்தச் சொல்லை எந்த முன்சீப்பாலும் நேரமாக்க முடியாது என்கிறார்.

உலகம்மை அக்காவுக்கும் எழுதினேன். ஒரு கார்டு வந்தது. 'கரமனை ஆத்தங்கரைக்கு நீ மட்டும் போ. நாங்க ஜனவரி ஒண்ணாந்தேதி மைதானத்துக்கு வருவோம். கடை கெட்டியிருந்தா கடைக்குள்ள நடப்போம்.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். கையெழுத்துகூட இல்லை.

எல்லோருக்கும் வீரம் இருக்கிறது. அந்த மேஜைக்கு முன்னால் உட்காரப் போகிறவள் நான் ஒருத்தி.

கேட்டவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள்? பேர் சொல்லுங்கள். ஒருவர் போதும். இல்லாவிட்டால் ஐந்தாம் தேதி நானே எழுந்து, அது சிறுபெண்ணாக இருந்தபோது நான் எழுதின பிழை என்று சொல்லிவிட்டுச் சமாதானத்தில் கையெழுத்துப் போடுவேன்.

சாவித்ரி


இறச்சகுளம்,
28-11-1956

சாவித்ரிக்கு, பகவதிப்பெருமாள்.

இரண்டு தடவை சொல்லி எழுதி, இரண்டு தடவையும் கிழிக்கச் சொன்னேன். வாத்தியார் மூன்றாவது காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார். "இதையும் கிழித்தால் நீரே எழுதிக்கொள்ளும்" என்கிறார்.

1953-ல் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். கேட்க ஆளில்லை. எல்லாம் முடிவு செய்த பிறகு கூப்பிட்டு, கணக்கை முடித்துப் போகச் சொன்னார்கள். வேலப்பன் முதலாளி போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம். உன் அப்பாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டேன். "சாமி, நான் என்ன பாஷையில் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நேக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு பெருமாள், சபையோட மோத முடியாது" என்றார். அவரைக் கெட்ட மனுஷன் என்று நான் சொல்லவில்லை. பயந்த மனுஷன். உனக்காகப் பயந்தார். இதைச் சொன்னதற்கு என்னை நீ திட்டலாம். அவர் உயிரோடு இருந்திருந்தாலும் இதையே சொல்வேன்.

பேர் கேட்டாய். சொல்கிறேன்.

கோமதிநாயகம் 1950-ல் போனார். சித்திரை வெயிலில் கடைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். வேலப்பன் முதலாளி 1952-ல், முதல் பொதுத் தேர்தலுக்கு வோட்டுப் போட்டுவிட்டு வந்த மாசம். உன் அப்பா 1954 புரட்டாசி. பஞ்சாபகேசன் போன வருஷம் மகன் வீட்டில், திருநெல்வேலியில். ராஜபாய் டீச்சர் கூடத்துக்குள் வரவில்லை, தெருமுனையில் நின்றாள். அவளும் 1951-ல் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். கூடத்தில் இருந்த ஆண்களில் மிச்சம் நான்.

கூடத்தில் இருந்தவர்களைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். அந்த வக்கீலும் எண்ணினார், நீயும் எண்ணினாய். இத்தனை நாள் நானும் அப்படியே எண்ணிக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

தீர்மானம் எழுதி எல்லோரும் இறங்கிப் போன பிறகு என்னைக் கொல்லைப்புறமாய் வரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். காப்பி ஆற்றி வைத்திருந்தது. அடுக்களை வாசலில் நின்ற அம்மாள், "பெருமாளே, தெரிஞ்சுண்டுதானே மலையாளம்னு சொன்னீர்?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுதான் அம்மா" என்றேன்.

"கதவுக்குப் பின்னாலே நின்னுண்டு கேட்டேன். அவர் கேட்டதும் கேட்டேன், நீர் சொன்னதும் கேட்டேன். நீர் என்ன பதில் சொல்லப்போறீரோன்னு ஆத்திண்டிருந்த காப்பியை அப்படியே வச்சுட்டு நின்னேன். எங்காத்துப் பொண்ணு தெரியாம எழுதினதை நீர் தெரிஞ்சு சொல்லிட்டீர். நன்னாயிருக்கணும்."

புருஷன் சொன்ன சொல்லுக்கு எதிராக ஒரு பெண்ணை முன்சீப் முன்னால் கொண்டு நிறுத்துவது பாவம் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்த வீட்டுக் காப்பியைக் குடித்தவன் நான். ஆனால் பாவமா இல்லையா என்று அவளுக்குப் பதிலாக நான் எதற்கு முடிவு செய்ய வேண்டும்? பெண்பிள்ளைகளின் உரிமைக்கு ஒன்பது வருஷம் சண்டை போட்டோம். இந்தக் காரியத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்க உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வர மாட்டேன் என்று அவள் சொன்னால், அது அவள் சொல். நாம் தோற்போம், உலகம்மை கடைக்குள் நடப்பாள், நானும் கூட நடப்பேன். வருகிறேன் என்று சொன்னால் பக்கத்தில் நான் நிற்பேன். நாலாம் தேதி முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். வேறு காகிதம் எழுதி வை, 'மலையாளத்தில் சொன்னேன், தெரிந்து சொன்னேன்' என்று. அதில் வட்டம் போடு, விரலும் வைப்பேன்.

என் போன கடிதத்தை நீ வாசித்தபோது பாதியில் எழுந்து போனவளிடம் இந்தக் கடிதத்தை முழுக்க வாசி. கதவுக்குப் பின்னால் நின்று அல்ல, எதிரே உட்காரவைத்து வாசி. அன்றைக்கு அந்த வீட்டில் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான். உன் அம்மை, பாகீரதி அம்மாள்.